முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பன்னீர்ச் செம்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். மரத்தூண், நிலைக்கதவு, பித்தளை அண்டா, இனாமல் தூக்கு, தஞ்சாவூர்ப் படம் என்று வாசல் வரைக்கும் குவிந்து கிடக்கும். நான் அந்தத் தெருவுக்குப் போனது கண்ணாடிச் சாமானுக்காக. ஒன்றரை வருஷத்தில் ஐந்து தடவை போயிருக்கிறேன். பல கடை ஏறி இறங்கினாலும் கடைசியில் போய் உட்கார்ந்தது ஒரே கடையில்தான். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சின்னக் கடை. முன்னால் பித்தளையும் மரமும். உள் அறையில் ஜன்னலை ஒட்டிய மர அலமாரி முழுக்கக் கண்ணாடி. அங்கே போய், "எந்த ஊர் வீட்டில் வந்தது?" என்று கேட்டால் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டுவார். அவர்தான்.

எனக்குப் புதுக்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை. 27 வருஷமாக லென்ஸ் தேய்க்கிற வேலை. இன்றைக்கு வருகிற லென்ஸ் முக்கால்வாசி பிளாஸ்டிக். நான் தொழில் பழகியபோது எல்லாம் கண்ணாடிதான். சாணைக்கல்லில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓரம் தேய்ப்போம். அதனால் தேய்ந்த கண்ணாடி எப்படி இருக்கும், தேய்த்த கண்ணாடி எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். பழைய கண்ணாடிச் சாமான் பக்கம் மனசு போனதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அம்மா. அம்மா கல்யாணத்துக்கு வந்த சீரில் நீலக் கண்ணாடிப் பன்னீர்ச் செம்பு ஒரு ஜோடி இருந்தது. 1987இல் அக்கா கல்யாணத்தன்று மண்டபத்துப் படியில் ஒன்று விழுந்து உடைந்துபோனது. மற்றொன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒற்றையாக இருக்கிறதே என்று அம்மா இத்தனை வருஷமாக எந்த விசேஷத்துக்கும் அதை வெளியே எடுத்ததில்லை. அதற்கு ஜோடி தேடித்தான் கிளம்பினேன்.

தேடப் போனவனுக்கு முதலில் கிடைத்த பாடம், 'பெல்ஜியம்' என்கிற சொல்லைப் பற்றி. செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி என்றால் பெரிய நிலைக்கண்ணாடி. அந்தக் காலத்தில் பெல்ஜியத்திலிருந்து ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் உலகம் முழுக்கப் போயின, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைத்தெருவில் அந்தச் சொல் நாட்டைக் குறிப்பது நின்றுபோய் வெகுநாளாகிறது. வெளிநாட்டுப் பழைய கண்ணாடி எதுவானாலும் பெல்ஜியம். டம்ளர் பெல்ஜியம், செண்டு பாட்டில் பெல்ஜியம், லஸ்தர் என்கிற சரவிளக்கு பெல்ஜியம். என் அனுபவத்தில், பூ எழுதிய வண்ணக் கண்ணாடிச் சாமான் இந்தப் பக்கம் வந்ததில் பெரும்பகுதி பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டின் வடக்கு மலைப்பகுதி. அங்கே பட்டறைக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் காடிஸ் துறைமுகம் வரை கடை போட்டு வியாபாரம் பார்த்தவர்கள். துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் என்று ஹூக்கா அடிப்பாகமும் பன்னீர்ச் செம்பும் தனியாகச் செய்து அனுப்பினார்கள். தன் நாட்டில் யாருமே பன்னீர் தெளிக்காத ஊரில் ஒருவர் உட்கார்ந்து பன்னீர்ச் செம்பு ஊதியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இந்தக் கடை அண்ணனும் எல்லாவற்றையும் பெல்ஜியம் என்றுதான் சொல்வார். முதல் நாளே கேட்டேன்: "அண்ணே, பெல்ஜியம்னு எப்படித் தெரியும்?" அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நாங்க அப்படிச் சொல்லிப் பழகிட்டோம் தம்பி. அது எந்த நாடோ எனக்குத் தெரியாது. எந்த வீடுன்னு கேளுங்க, சொல்றேன்" என்றார். எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

அந்த நோட்டு பெரிய விஷயம். 1990களிலிருந்து வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் தேதி, ஊர், வந்த வீட்டின் விலாசம் (வீட்டாரின் பெயரெழுத்துகள்) எழுதியிருக்கிறார். தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று ஊர்ப்பெயராகப் பக்கம் பக்கமாகப் போகிறது. செட்டியார் வீடுகளில் பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றிலும் விலாசம் வெட்டியிருக்கும்; கண்ணாடியில் அப்படி வெட்டுவதில்லை. பங்காளிகள் வீட்டைப் பிரித்துச் சாமானை விற்கும்போது அது எந்த வீட்டுப் பொருள் என்ற தகவல் அந்த இடத்திலேயே அழிந்துவிடும். இவர் எழுதி வைத்ததால் அழியவில்லை. ஒரு வீட்டார் பர்மாவில் கொண்டுவிற்றவர்கள், 1942இல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் திரும்பிவிட்டார்கள் என்று நோட்டில் ஒரு வரி இருந்தால், ரங்கூனிலிருந்து வந்த சாமான் அந்த வருஷத்துக்கு முன்னால் வந்தது என்று ஒரு எல்லையாவது கிடைக்கிறது. கண்ணாடியை மட்டும் பார்த்து அதைச் சொல்லவே முடியாது.

சரி, செம்புக்கு வருகிறேன். மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தது. அலமாரியின் மேல்தட்டில் இரண்டு விளக்குக் குளோபுகளுக்கு நடுவில் தூசி படிந்து நின்றது. நோட்டில் பள்ளத்தூர். அண்ணன் எடுத்துக் கொடுத்து, "வெளிச்சத்துல பாருங்க" என்று வாசல் திண்ணைக்கு ஒரு பலகை கொண்டுவந்து போட்டார். அதன் மேல் ஒரு பழைய துண்டையும் விரித்தார். கண்ணாடிச் சாமான் விற்கிற கடையில் இதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. டியூப் லைட்டுக்கு அடியில் பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான் எப்போதும் சாமானைக் கவிழ்த்துத்தான் ஆரம்பிப்பேன். ஊதிச் செய்த கண்ணாடியை, வாயைச் சரிசெய்வதற்காக அடியில் ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பார்கள். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி உடைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் ஒரு வடு நிற்கும். சாதாரணச் சாமானில் அதை அப்படியே கரடுமுரடாக விட்டிருப்பார்கள். நல்ல சாமானில் சாணையில் தேய்த்து, மெருகேற்றி, சின்னக் கிண்ணம்போலக் குழிவாக்கியிருப்பார்கள். இந்தச் செம்பின் அடியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் குழி. கட்டைவிரலை வைத்தால் வழவழவென்று உட்கார்ந்தது. சாணையில் தேய்த்த குழிக்குள் மிக லேசாக வட்ட வட்டமாகக் கோடு இருக்கும். லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது தெரிந்தது. இந்த வடு இருந்தாலே பழசு என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்கும் கையால் ஊதுகிறவர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள். அச்சில் வார்த்த சாமான் இல்லை என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். வார்த்ததாக இருந்தால் பெரும்பாலும் பக்கவாட்டில் எங்காவது அச்சு சேர்ந்த கோடு ஓடும். இதில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக மூன்று பக்கமும் இழுத்துப் பார்த்தேன். எதுவும் தட்டவில்லை.

அப்புறம் குழியைச் சுற்றிய விளிம்பு. தரையில் படுகிற இடம் இதுதான். நூறு வருஷம் அலமாரியில் எடுத்து எடுத்து வைத்த சாமானுக்கு இங்கே கீறல் இருந்தே ஆகவேண்டும். அந்தக் கீறல் ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, ஒன்று ஆழம், ஒன்று மயிரிழை என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். தரையில் படாத இடத்தில் இருக்காது. பழசுபோலக் காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எல்லாக் கோடும் ஒரே அகலத்தில் ஒரே பக்கமாகப் போகும். எந்த நம்பர் தாள் என்றுகூட என்னால் சொல்லிவிட முடியும். இந்தச் செம்பில் விளிம்பின் ஒரு பாதி மட்டும் அதிகம் மங்கியிருந்தது. பலகையில் நிறுத்திப் பார்த்தேன். செம்பு மயிரளவு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சாய்ந்த பக்கம்தான் தேய்ந்திருந்தது. இதை யாராலும் வேண்டுமென்று செய்ய முடியாது.

பிறகு எழுத்து வேலை. வெள்ளையில் ஐந்து இதழ்ப் பூ, தங்கத்தில் கொடி, பூவின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. கையால் எழுதிய இனாமல் கண்ணாடி மேல் மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. பத்து மடங்கு லூப்பில் பார்த்தபோது, தூரிகையை வைத்த இடம் தடித்தும் இழுத்து எடுத்த இடம் மெலிந்தும் இருந்தது. ஒரு இதழில் வெள்ளை போதாமல் இரண்டாவது தடவை தொட்டு வைத்திருக்கிறார். பக்கத்துப் பூவில் அந்த இதழ் இல்லவே இல்லை, நான்குதான், விட்டுப்போயிருக்கிறது. ஒட்டுப்படம் வைத்துச் சுட்ட சாமானில் பூவுக்குப் பூ ஒரு அணுவும் மாறாது. தங்கம், செம்பைக் கையில் பிடிக்கிற கழுத்துப் பக்கம் தேய்ந்து, மடிப்புக்குள் மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் சரியாக இருந்தது. மேட்டில் பளபளவென்று தங்கம் இருந்து பள்ளத்தில் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம்.

அடியில் குழியின் ஓரத்தில், தங்க மையால் கையால் எழுதிய ஒரு எண், கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு எண். முத்திரை, பெயர் எதுவும் கிடையாது. பொஹீமியப் பட்டறைகளில் டிசைனுக்கோ எழுதியவருக்கோ இப்படி எண் போடுவது வழக்கம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, பொஹீமியா, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி என்று முடிவு செய்தேன். பட்டறை எது என்று சொல்லப் போவதில்லை. ஹராக், மோசர் என்று பெரிய பெயர்களை ஒட்டினால் விலை ஏறும். ஹராக் 1712இலிருந்து இருக்கும் பட்டறை, மோசர் 1857இல் கார்ல்ஸ்பாடில் ஆரம்பித்தது. ஆனால் கையெழுத்தில்லாத சாமான் ஒன்றை அந்தப் பெயர்களுக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

விலை 8,000 சொன்னார், 6,500க்குக் கொடுத்தார்.

அலமாரியில் இரண்டாவது தட்டில் ஆறு சிவப்பு டம்ளர் இருந்தன. மான், மரம், ஒரு கோட்டை வெட்டியிருக்கும். பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியே சிவப்பு என்று நினைப்போம். இல்லை. வெட்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது பாருங்கள், சிவப்பு தோல் அளவுக்குத்தான். பொஹீமியாவில் ஃப்ரீட்ரிக் ஏகர்மான் என்பவர் 1832 வாக்கில் கண்டுபிடித்த வேலை அது: தாமிரம் கலந்த பூச்சைத் தடவிச் சுட்டால் மேல்பரப்பு மட்டும் மாணிக்கச் சிவப்பாகும். இரண்டு அடுக்குக் கண்ணாடி வேறு. அதில் வெட்டின ஓரத்தில் நிறம் ஒரு அடுக்காகத் தடித்துத் தெரியும், இதில் தெரியாது. வெட்டு வேலையையும் லூப்பில் பார்க்க வேண்டும். சக்கரத்தில் வெட்டிய கோடு படகு மாதிரி இரண்டு முனையும் குறுகி நடுவில் ஆழமாக இருக்கும். மணல் அடித்ததும் அமிலத்தில் அரித்ததும் ஒரே ஆழமாக, பொரிபொரியாக இருக்கும்.

இந்த வகைச் சிவப்பு டம்ளர் பொஹீமியாவில் இன்றும் செய்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். அந்த ஆறில் நான்கு பழையது, இரண்டு வேறு கை. மானின் கால் நான்கில் குளம்பு வரை வெட்டியிருந்தது, இரண்டில் குச்சிபோல நின்றுவிட்டது. அடிவிளிம்பிலும் அந்த இரண்டில் கீறலே இல்லை. சொன்னேன். அண்ணன் நோட்டைப் பார்த்தார். நான்கு கண்டனூர், இரண்டு பிறகு வேறிடத்தில் வாங்கிச் சேர்த்தது. "செட்டாக்கினா விலை போகும்னு சேர்த்தேன் தம்பி" என்று மறைக்காமல் சொன்னார். அடுத்த தடவை போனபோது நான்கும் இரண்டும் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தன.

என்னிடம் ஒரு யு.வி. (புற ஊதா) டார்ச் இருக்கிறது, அலைநீளம் 365 நானோமீட்டர். சந்தையில் மலிவாகக் கிடைப்பது 395; அதில் ஊதா வெளிச்சமே அதிகம் வருவதால் மெல்லிய ஒளிர்வு மறைந்துபோகும். ஒரு சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு அலமாரியில் அடித்தோம். கீழ்த்தட்டில் மஞ்சள்பச்சையான ஐஸ்கிரீம் கப் ஒன்று பச்சை நெருப்பாக எரிந்தது. யுரேனியம் கண்ணாடி. அண்ணனின் பேரன் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு தரவே இல்லை. 1830களில் பொஹீமியாவில் யோசஃப் ரீடல் இந்தக் கண்ணாடியைச் செய்து மனைவி அன்னாவின் பெயரை அந்த நிறத்துக்கு வைத்தார். ஆனால் எரிகிறது என்பதால் பழசு என்று ஆகாது; இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டது இன்னொன்று. வெள்ளைக் கண்ணாடி சிலவற்றில் மிக மெல்லிய பச்சைப் புகைபோல ஒரு ஒளிர்வு வரும். அது மாங்கனீசு. கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க முன்பு அதைச் சேர்த்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிச் செலினியத்துக்கு மாறினார்கள். உடனே மாறாத பட்டறைகளும் இருந்தன, அதனால் இது சாட்சிகளில் ஒன்று மட்டும். கண்ணாடிக் கடைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம்.

முத்திரை இருந்தால் வேலை சுலபம். அமிலத்தில் அரித்த சின்ன வட்டத்துக்குள் 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்த செண்டு பாட்டில் ஒன்றை அண்ணன் 150 வருஷம் என்று நினைத்து வைத்திருந்தார். அந்த நாடே 1918இல்தான் பிறந்தது, 1992 முடிவோடு இல்லாமல் போனது. அதற்கு முன்னால் அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதி. அவர் அப்போதே நோட்டில் திருத்தி எழுதிக்கொண்டார். முத்திரையில்லாததும் ஒரு குறை இல்லை. பெரும்பாலானவற்றில் காகித ஒட்டுத்தான், கழுவினால் போய்விடும்.

வெள்ளை இனாமலில் குழந்தை உருவம் எழுதிய பச்சை ஜாடி ஒன்றும் இருந்தது. இதை மேரி கிரிகரி கண்ணாடி என்பார்கள். அமெரிக்காவில் சாண்ட்விச் என்ற ஊரின் பட்டறையில் வேலை பார்த்த ஓவியரின் பெயர் அது. ஆனால் இந்தக் குழந்தைகளை அந்த அம்மா எழுதவில்லை, பெரும்பாலும் பொஹீமியாவில் எழுதியவை. ஜாடியின் வாயில் விரிசல் இருந்ததால் வாங்கவில்லை.

வாங்கிய இரண்டாவது சாமான், வைரம் வைரமாக வெட்டிய வெள்ளைக் கண்ணாடி டிகாண்டர், அதாவது மது ஊற்றி வைக்கிற மூடி போட்ட குடுவை. நோட்டில் தேவகோட்டை, விலை 2,800. தட்டினால் மணிபோல நாதம் நின்றது. நாதத்தை மட்டும் நம்பாமல் வீட்டுக்கு வந்து எடை போட்டேன். இதை நீங்களும் செய்யலாம். 5 கிலோ எலக்ட்ரானிக் தராசில் ஒரு சின்ன வாளித் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். மூடியை எடுத்துவிட்டு டிகாண்டரை நூலில் கட்டி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வாளியின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். தராசு காட்டுகிற எண்தான் கண்ணாடி இடம்பெயர்த்த தண்ணீர். என் டிகாண்டர் வெளியே 918 கிராம், தண்ணீரில் முக்கியபோது தராசு காட்டியது 300. வகுத்தால் 3.06, அதாவது அதே அளவு தண்ணீரைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேல் கனம். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கத்தில்தான் நிற்கும். நாங்கள் லென்சுக்குப் பயன்படுத்துகிற கண்ணாடி 2.54. மூன்றைத் தாண்டினால் ஈயம் கலந்தது. நூல் கையில் ஆடாமல் நிற்க எனக்கு நான்கு தடவை ஆனது, நான்கிலும் 299க்கும் 301க்கும் நடுவில்தான் வந்தது.

ஈயக் கண்ணாடி என்றால் இங்கிலாந்து நினைவுக்கு வரும். 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்க்ராஃப்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனி கல்கத்தாவிலேயே கடை வைத்து நம் ராஜாக்களுக்கு லஸ்தர் விற்றது. ஆனால் 1826இல் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் தொடங்கிய வால் சாங் லாம்பெர் பட்டறையும் ஈயக் கண்ணாடி வெட்டுவதில் பேர்போனது, அது பெல்ஜியம். ஆக அண்ணன் சொன்ன பெல்ஜியம் இந்த ஒரு சாமானுக்குப் பொருந்தவும் கூடும். எந்த நாடு என்று நான் எழுதி வைக்கவில்லை. மூடியின் அடிக்காம்பில் 14 என்று ஊசியால் கீறியிருக்கிறது, டிகாண்டர் கழுத்திலும் 14. பட்டறையில் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி பிரியாமல் தேவகோட்டை வரை வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

எல்லாக் கடையும் இப்படி இருக்காது. இதற்கு முன்னால் வேறு ஒரு ஊரில், பளிச்சென்று விளக்குப் போட்ட ஷோரூமில், 200 வருஷத்துப் பெல்ஜியம் கோப்பை என்று 4,000 கொடுத்து ஒன்று வாங்கினேன். லூப்பை எடுக்கப் போனபோது, "நம்பிக்கை இல்லைன்னா விட்டுடுங்க சார்" என்றார்கள். வெட்கப்பட்டு லூப்பைப் பைக்குள் வைத்துவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால் ரோஜாவின் நிழல் முழுக்க அச்சடித்த படத்தில் இருப்பதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது. லூப்பை எடுக்க விடாத கடையில் எதையும் வாங்காதீர்கள்.

காரைக்குடிக் கடையிலும் குறை இருக்கிறது. விலை ஒட்டுத்தாளை நேராக எழுத்து வேலை மேலேயே ஒட்டுகிறார்கள். ஒரு நல்ல தட்டில் அதைப் பிய்த்தபோது தங்கக் கொடியில் கால் அங்குலம் கூடவே வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு எடுங்கள், இனிமேல் அடியில் ஒட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பாதி சாமானில் மாற்றியிருக்கிறார். வாங்கி வந்தவுடன் கண்ணாடியைப் புளி போட்டுத் தேய்ப்பதும் உண்டு. பித்தளைக்குச் சரி, தங்கம் எழுதிய கண்ணாடிக்கு வேண்டவே வேண்டாம். லஸ்தர் விளக்குகளில் உடைந்த தொங்கட்டானுக்குப் பதிலாக ஃபிரோசாபாத்திலிருந்து வந்த புதியதைக் கோத்திருக்கிறார்கள். கேட்டால் எது எது என்று காட்டுகிறார், கேட்காவிட்டால் சொல்வதில்லை. பழையதில் பட்டை ஓரம் கையை அறுக்கிற மாதிரி இருக்கும், புதியதில் மழுங்கியிருக்கும். விளக்கு வாங்குகிறவர்கள் ஏணி போட்டு ஏறித் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டப்படி தடை இருக்கிறது. தொல்பொருள் துறையிடம், இது அந்த வகையில் வராது என்று சான்றிதழ் வாங்கினால்தான் பெட்டியில் வைக்கலாம். விலை பேசுவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

செம்பை அம்மா கையில் கொடுத்தபோது, அம்மா பீரோவிலிருந்து மற்றதை எடுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார். உயரம் அரை அங்குலம் வித்தியாசம், நீலம் ஒன்றில் கொஞ்சம் அழுத்தம். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "பூ ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். போன ஆவணியில் தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்தில் இரண்டும் தாம்பாளத்தில் நின்றன.

காலை பத்து மணிக்குப் போனால் வாசலில் நல்ல வெளிச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும். பழைய பேப்பரில்தான் சுற்றித் தருகிறார்கள், அதனால் வீட்டிலிருந்து இரண்டு துண்டும் ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கியதும் நோட்டில் அந்தச் சாமானுக்கான வரியை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தருகிறார்.